வீட்டுக் கணினியில் வீடியோ பாட்காஸ்ட்: பதிவு முதல் வெளியீடு வரை

வீடியோ பாட்காஸ்ட் தொடங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேமராவைத்தான் தேடுகிறார்கள். ஆனால் இந்த நிகழ்ச்சிகளை ஓடவிட்டுவிட்டுச் சமைப்பவர்களும், திரையைப் பையில் போட்டுக்கொண்டு பேருந்தில் காதால் மட்டும் கேட்பவர்களும் ஏராளம். முகம் சற்று மங்கலாகத் தெரிந்தால் அவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒலித்தால் இரண்டாவது நிமிடத்திலேயே வேறொன்றுக்குப் போய்விடுவார்கள். ஆகவே இந்த வழிகாட்டி ஒலியிலிருந்து தொடங்குகிறது. கையில் இருக்கும் பணத்தையும் நேரத்தையும் அதே வரிசையில் செலவிடுவது நல்லது.

பேச்சு பொதுப்படையாகிவிடாமல் இருக்க ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். வீட்டு அறை ஒன்றில் இருவர் எதிரெதிரே அமர்ந்து 40 நிமிடம் தமிழில் உரையாடுகிறார்கள். அவர்களிடம் விண்டோஸ் கணினி ஒன்று, மைக் இரண்டு, வெப்கேம் ஒன்று, இரண்டாவது கேமராவாக ஸ்மார்ட்போன் ஒன்று இருக்கின்றன. தனியாகப் பேசுபவர்கள் இதில் பாதியை விட்டுவிடலாம்.

அறையும் மைக்கும்

நம் ஊர் வீடுகளின் சிமெண்ட் சுவரும் டைல்ஸ் தரையும் ஒலியை விழுங்குவதில்லை. அப்படியே திருப்பி அனுப்புகின்றன. அறையின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். தட்டிய பிறகும் 'கிண்' என்று ஓர் ஒலி தொங்கினால், அந்த எதிரொலி பதிவிலும் இருக்கும். அதைப் பின்னர் எந்த மென்பொருளாலும் முழுமையாக நீக்க முடியாது. விலையுயர்ந்த ஃபோம் பலகைகளை வாங்கும் முன்பு வீட்டில் இருப்பதைப் பயன்படுத்துங்கள். பஞ்சு மெத்தையைப் பேசுபவரின் முதுகுப்பக்கச் சுவரில் சாய்த்து வைப்பது, தரையில் ஜமக்காளம் விரிப்பது, ஜன்னலுக்குத் தடித்த திரை போடுவது, துணி நிறைந்த அலமாரியின் கதவைத் திறந்து வைப்பது ஆகியவையே பெரிய மாற்றத்தைத் தரும். வரவேற்பறையைவிடப் படுக்கையறையே பொதுவாக நன்றாக ஒலிப்பதற்கும் இதுதான் காரணம்.

அடுத்த எதிரி மின்விசிறி. அதன் ஓசை சீரானதுதான் என்றாலும், காற்று மைக்கில் நேரடியாக மோதும்போது எழும் படபடப்பு சீரானதன்று. அதைக் களைவது கடினம். பதிவின்போது விசிறியையும் ஏசியையும் நிறுத்திவிட்டு, 15 நிமிடத்திற்கு ஒருமுறை இடைவேளை விட்டு அறையைக் குளிரவைப்பதே நடைமுறைக்கு ஒத்த வழி. பால்காரர், குக்கர் விசில், தெருவில் வரும் ஒலிபெருக்கி ஆகியவற்றின் நேரம் உங்கள் தெருவைப் பொறுத்தது. ஒரு வாரம் கவனித்து அமைதியான ஒரு மணி நேரத்தைக் கண்டுபிடியுங்கள்.

மைக் வாங்கும்போது கண்டென்சரா டைனமிக்கா என்ற கேள்வி வரும். கண்டென்சர் வகை நுட்பமான ஒலிகளையும் பிடிக்கும். அதாவது பக்கத்து வீட்டு மிக்ஸியையும் பிடிக்கும். ஒலித்தடுப்பு இல்லாத வீட்டு அறைக்கு, முன்புறத்து ஒலியை மட்டும் வலுவாக ஏற்கும் கார்டியாய்டு வடிவ டைனமிக் மைக்கே பொருத்தமானது என்பது என் முடிவு. இருவர் பேசும் நிகழ்ச்சிக்கு இரண்டு யுஎஸ்பி மைக்குகளைக் கணினியில் செருகினாலும் வேலை நடக்கும். ஆனால் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஓடுவதால், நீண்ட பதிவில் இரண்டும் சிறிது விலகக்கூடும். இரண்டு எக்ஸ்எல்ஆர் (மூன்று முனைச் செருகி கொண்ட) மைக்குகளை, ஸ்கார்லெட் 2ஐ2 போன்ற இரண்டு உள்ளீடுகள் கொண்ட ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கின் ஒலியைக் கணினிக்குத் தரும் பெட்டி) ஒன்றில் இணைத்தால் அந்தச் சிக்கலே எழாது. முதலில் தனியாகத் தொடங்கிப் பின்னர் இருவராக மாற நினைப்பவர்களுக்கு, சாம்சன் க்யூ2யூ போல யுஎஸ்பி, எக்ஸ்எல்ஆர் ஆகிய இரண்டு இணைப்புகளையும் கொண்ட மைக் உதவும்.

எந்த மைக்காக இருந்தாலும் அது வாயிலிருந்து ஒரு சாண் தூரத்திற்குள் இருக்க வேண்டும். தூரத்தைப் பாதியாகக் குறைத்தால் நேரடிக் குரல் சுமார் 6 டெசிபல் உயர்கிறது. அறையின் எதிரொலியோ ஏறத்தாழ அதே அளவில் நிற்கிறது. மைக்கை அருகே இழுப்பது என்ற செலவில்லாத வேலை பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடுவது இதனால்தான். வாய்க்கு நேரெதிரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தால் மூச்சுக்காற்று மோதாது. தமிழின் 'ப' மூச்சுக்குறைந்த ஒலிதான். ஆனால் நம் பேச்சில் 'பாட்காஸ்ட்', 'பேமெண்ட்' போன்ற சொற்கள் வரும்போது மைக் 'புஸ்' என்று ஊதுவதைக் கேட்கலாம். இரு மைக்குகளுக்கும் இடையிலான தூரம், மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரத்தைப்போல மூன்று மடங்காவது இருந்தால் ஒருவர் குரல் மற்றவர் மைக்கில் ஏறுவது குறையும்.

வெளிச்சமும் கேமராவும்

இதில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னல் முகத்திற்கு முன்னாலோ பக்கவாட்டிலோ இருக்கட்டும். முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் கருத்துவிடும். கேமரா கண்மட்டத்தில் இருக்க வேண்டும். மடிக்கணினியை மேசையில் வைத்தால் பார்ப்பவர்கள் மூக்குத்துவாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பதால் அடியில் நான்கு தடித்த புத்தகங்களை அடுக்குங்கள்.

கவனிக்க வேண்டிய ஒன்று, விளக்கு மினுக்கம். இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் வருவதால், பல விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துடிப்பு வீடியோவில் கருப்புப் பட்டைகளாக நகரும். வெப்கேமின் அமைப்புகளில் 'பவர்லைன் ஃப்ரீக்வன்ஸி' என்ற இடத்தில் 60 இருந்தால் 50 என்று மாற்றுங்கள்; போனின் ப்ரோ பயன்முறையில் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 என்று நிறுத்துங்கள். விசிறிக்கு மேலே எரியும் விளக்கையும் அணைத்துவிடுங்கள்; இறக்கையின் நிழல் முகத்தில் சுழல்வது வேறொரு மினுக்கம்.

ஓபிஎஸ் ஸ்டுடியோவை அமைத்தல்

பதிவுக்கு ஓபிஎஸ் ஸ்டுடியோ போதும். இலவசமான, திறந்த மூல மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். நிறுவியவுடன் செட்டிங்ஸில் சிலவற்றை ஒருமுறை சரிசெய்துவிட்டால் பிறகு அந்தப் பக்கம் போகவேண்டிய தேவை அரிது. வீடியோ பகுதியில் இரு அளவுகளையும் 1920 பெருக்கல் 1080 என்றும், பிரேம் வேகத்தை 25 அல்லது 30 என்றும் வையுங்கள். போனிலும் அதே வேகம் இருக்கட்டும். ஆடியோ பகுதியில் சாம்பிள் ரேட் 48 கிலோஹெர்ட்ஸ். கணினியில் தனி கிராஃபிக்ஸ் அட்டையோ, இன்டெல் செயலியில் அமைந்த க்விக்சிங்க் வசதியோ இருந்தால் என்கோடரில் (வீடியோவைச் சுருக்கிப் பதிவு செய்யும் பகுதி) அதைத் தேர்ந்தெடுங்கள். செயலியின் சுமை குறைந்து, படம் திக்கித்திக்கி ஓடுவது நிற்கும்.

பதிவுக் கோப்பின் வகையில் மட்டும் அவசரப்பட வேண்டாம். சாதாரண எம்பி4 கோப்பு, பதிவு முறையாக முடியும்போதுதான் தன் உள்ளடக்க அட்டவணையை எழுதிக்கொள்கிறது. நடுவில் மின்சாரம் போனால் மொத்தக் கோப்பும் திறக்காமல் போய்விடலாம். எம்கேவி வகையில், மின்சாரம் போன நொடி வரை பதிவானது கைக்குக் கிடைக்கும். எனவே எம்கேவியில் பதிவு செய்துவிட்டு, ஃபைல் பட்டியலில் உள்ள 'ரீமக்ஸ் ரெக்கார்டிங்ஸ்' மூலம் எம்பி4 ஆக மாற்றிக்கொள்ளுங்கள். அது தரத்தைத் தொடாமல் உறையை மட்டும் மாற்றுவதால் சில நொடிகளில் முடிந்துவிடும். நொடிக்கு 20 மெகாபிட் என்ற அளவில் பதிவு செய்தால் ஒரு மணி நேரத்திற்குச் சுமார் 9 ஜிபி ஆகும். வட்டில் அதைப்போல மூன்று மடங்கு இடம் காலியாக இருப்பதைப் பார்த்துக்கொண்டு தொடங்குங்கள்.

இனி முக்கியமான வேலை. ஒவ்வொரு மைக்கையும் தனித்தனி 'ஆடியோ இன்புட் கேப்ச்சர்' ஆகச் சேர்த்து, 'அட்வான்ஸ்டு ஆடியோ ப்ராப்பர்டீஸ்' சாளரத்தில் முதல் மைக்கை 2ஆம் டிராக்குக்கும் (தனி ஒலித்தடம்) அடுத்ததை 3ஆம் டிராக்குக்கும் அனுப்புங்கள். இரண்டும் கலந்த ஒலி 1ஆம் டிராக்கில் இருக்கட்டும். அவுட்புட் செட்டிங்ஸில் இந்த மூன்று டிராக்குகளையும் பதிவுக்குத் தேர்வுசெய்ய மறக்கக் கூடாது. இன்டர்ஃபேஸ் பயன்படுத்துபவர்களுக்கு இரு மைக்குகளும் ஒரே கருவியின் இடது, வலது பக்கங்களாக வரக்கூடும். அவற்றைத் தொகுக்கும்போது பிரித்துக்கொள்ளலாம். இரு குரல்களும் தனித்தனியாகக் கிடைத்தால்தான், விருந்தினர் இருமும்போது அவர் டிராக்கை மட்டும் அடக்கிவிட்டு உங்கள் வாக்கியத்தைக் காப்பாற்ற முடியும்.

அளவு காட்டும் பட்டையில் இயல்பான பேச்சின் உச்சங்கள் மைனஸ் 12 டெசிபலை ஒட்டியும், சிரிக்கும்போது மைனஸ் 6க்குள்ளும் இருக்கும்படி கெய்னை (மைக்கின் உள்ளீட்டு அளவு) திருப்புங்கள். பூஜ்யத்தைத் தொட்டு உடைந்த ஒலியை ஒட்டவைக்க முடியாது. சற்றுத் தாழ்ந்த ஒலியை உயர்த்திவிடலாம்.

பதிவின்போது

பதிவைத் தொடங்கும் முன்பு ஒவ்வொரு மைக்கையும் நகத்தால் மெல்லச் சுரண்டி, எந்தப் பட்டை துள்ளுகிறது என்று பாருங்கள். ஒருமுறை இதைச் செய்யாமல் விட்டதால், மேசையில் அழகாக நின்ற மைக்குகள் வேடிக்கை பார்க்க, மடிக்கணினியின் உள்மைக் ஒரு மணி நேரப் பேட்டியைத் தொலைவிலிருந்து பதிவு செய்திருந்தது. விருந்தினரிடம் எப்படிச் சொல்வது என்று யோசிப்பதற்கே இரண்டு நாள் ஆனது. அன்றிலிருந்து, ஒரு நிமிடம் சோதனையாகப் பதிவு செய்து அதை ஹெட்போனில் முழுதாகக் கேட்ட பிறகே நான் தொடங்குகிறேன்.

போனை விமானப் பயன்முறையில் போடுங்கள். அழைப்பு வந்தால் பல போன்களில் பதிவு நின்றுவிடும். வெப்கேம், போன் இரண்டும் ஓடத் தொடங்கியபின் இருவர் முகமும் தெரிய ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள். முடிக்கும்போதும் ஒருமுறை தட்டுங்கள். தொகுக்கும்போது அந்தக் கூர்மையான ஒலி முனையை வைத்து இரு கோப்புகளையும் ஒரே நேரக்கோட்டில் பொருத்திவிடலாம். இறுதித் தட்டலும் பொருந்தினால் நடுவில் விலகல் இல்லை என்று பொருள். பிறகு யாரும் பேசாமல், அசையாமல் 30 நொடி அறையின் மௌனத்தைப் பதிவு செய்யுங்கள். அது வீணன்று, இரைச்சலை நீக்கும்போது மென்பொருளுக்கு 'இதுதான் இரைச்சல்' என்று காட்டும் மாதிரி அதுவே.

விருந்தினர் வேறு ஊரில் இருந்தால் இணையவழி அழைப்பின் பதிவை மட்டும் நம்ப வேண்டாம். அழைப்பு நடக்கும்போதே அவர் தம் போனின் குரல்பதிவுச் செயலியிலும் பேச்சைப் பதிவு செய்து பின்னர் அனுப்பினால், இணையம் தடுமாறிய இடங்களில் அந்தத் தெளிவான ஒலியை வைத்து நிரப்பலாம். அவர் ஹெட்போன் அணிவதும் கட்டாயம்; இல்லையென்றால் உங்கள் குரல் அவருடைய மைக் வழியாக உங்களிடமே திரும்பி வரும்.

ஒலியைச் செம்மைப்படுத்துதல்

கத்தரிப்பதற்கு முன்பு ஒலியை முடித்துவிடுவது என் வழக்கம். அடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருள் இலவசமானது, அதில் எம்பி4 கோப்பைத் திறப்பதற்கு எஃப்எஃப்எம்பெக் என்ற துணைநிரல் தேவைப்படலாம். வரிசை மாறாமல் செய்யுங்கள். முதலில் அந்த 30 நொடி மௌனத்தைத் தேர்ந்தெடுத்து 'நாய்ஸ் ரிடக்ஷன்' வழியாக மாதிரி எடுத்து, முழு டிராக்குக்கும் அளவாகப் பயன்படுத்துங்கள். பேராசையோடு கூட்டினால் குரல் தண்ணீருக்குள் பேசுவதுபோல ஆகிவிடும். சிறிது இரைச்சல் மிஞ்சுவது நல்லது. அடுத்து 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை 'ஹை பாஸ்' வடிகட்டியால் வெட்டினால் மேசை அதிர்வும் வண்டிகளின் உறுமலும் போகும். பிறகு 3க்கு 1 என்ற விகிதத்தில் கம்ப்ரசர். மெல்லப் பேசுபவரையும் உரக்கப் பேசுபவரையும் அது அருகருகே கொண்டுவரும். டிராக்கின் நீளத்தை மட்டும் இந்தக் கட்டத்தில் மாற்றாதீர்கள். ஒரு நொடி வெட்டினாலும் உதடும் ஒலியும் பிரிந்துவிடும்.

கடைசியில் ஒலியளவு. கேட்பவரின் காதுக்கு எவ்வளவு உரத்து ஒலிக்கிறது என்பதை எல்யுஎஃப்எஸ் என்ற அலகில் அளக்கிறார்கள். ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் மைனஸ் 16ஐப் பரிந்துரைக்கிறது. யூடியூப் மைனஸ் 14ஐவிட உரத்து இருப்பதைத் தானே குறைக்கிறது, ஆனால் தாழ்ந்திருப்பதை உயர்த்துவதில்லை. இரண்டுக்கும் பொதுவாக மைனஸ் 16க்கும் 14க்கும் இடையில் வைத்து, உச்சத்தை மைனஸ் 1 டெசிபலில் லிமிட்டரால் கட்டிவிட்டால் போதும். அடாசிட்டியின் 'லவுட்னஸ் நார்மலைசேஷன்' தொடக்கத்தில் மைனஸ் 23 என்று காட்டும். அது தொலைக்காட்சி ஒளிபரப்புக்கான அளவு, அப்படியே விட்டுவிட வேண்டாம்.

தொகுப்பு

டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு வல்லமை மிக்கது. ஆனால் நல்ல கிராஃபிக்ஸ் அட்டையைக் கேட்கும். பழைய கணினி வைத்திருப்பவர்களுக்கு ஷாட்கட் அல்லது கேடென்லைவ் இதமாக இருக்கும். போனில் எடுத்த வீடியோவை நேரடியாக உள்ளே இழுக்காதீர்கள். பல போன்கள் வெளிச்சத்திற்கும் சூட்டிற்கும் ஏற்பப் பிரேம் வேகத்தைத் தாமே மாற்றிக்கொள்கின்றன. தொடக்கத்தில் சரியாக இருந்த உதட்டசைவு அரை மணி நேரத்தில் விலகிப்போவதற்கு அடிக்கடி இதுவே காரணம். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் 'கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட்' தேர்ந்தெடுத்து மாற்றிவிட்டுப் பிறகு பயன்படுத்துங்கள்.

கத்தரிக்கும்போது கதை முதலில், அலங்காரம் பிறகு. முதல் ஓட்டத்தில் சுற்றி வளைத்த பகுதிகளை மட்டும் நீக்குங்கள். ஒவ்வொரு 'வந்து', ஒவ்வொரு 'அதாவது' என்று தேடித்தேடி வெட்டினால் பேசுபவர் மூச்சுவிடாத இயந்திரமாகிவிடுவார். பொருளை மறைக்கும் அளவுக்குக் குவிந்த இடங்களில் மட்டும் வெட்டுவது போதும். வெட்டிய இடத்தில் படம் துள்ளுமல்லவா, அங்கேதான் இரண்டாவது கேமரா தன் விலையைச் சம்பாதிக்கிறது. பேசுபவரின் குரல் தொடரும்போதே கேட்பவரின் முகத்திற்கு மாறினால் வெட்டு தெரியாது.

தமிழ் எழுத்துகளைத் திரையில் போடும்போது தனிக் கவனம் வேண்டும். சில தொகுப்பு மென்பொருள்கள் நம் எழுத்தின் கோவையைப் புரிந்துகொள்ளாமல், ஒற்றைக்கொம்பைத் தவறான இடத்தில் தொங்கவிடும். இதைத் தவிர்க்கப் பலர் பாமினி போன்ற பழைய குறியேற்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்கிறார்கள். திரையில் சரியாகத்தான் தெரியும், ஆனால் அதே வரிகளை விளக்கக்குறிப்பிலோ வசனக்கோப்பிலோ ஒட்டினால் புரியாத ஆங்கில எழுத்துகளாகிவிடும். பெயர்ப்பட்டைகளை இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற இலவச யூனிகோட் எழுத்துருவில் அமைத்து, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக ஏற்றி, வீடியோவின் மேல் வைப்பதே நான் கண்ட சிக்கலில்லாத வழி. வசனக்கோப்பை எஸ்ஆர்டி வகையில், யுடிஎஃப்-8 குறியேற்றத்தில் சேமியுங்கள். ஓப்பன்ஏஐ 2022இல் வெளியிட்ட விஸ்பர் மென்பொருள் தமிழ்ப் பேச்சையும் எழுத்தாக்கும். ஆனால் ஆட்பெயரிலும் ஊர்ப்பெயரிலும் பேச்சுவழக்கிலும் அது தடுக்கி விழுவதால், வரிக்கு வரி ஒருவர் திருத்தியே ஆக வேண்டும்.

இசைக்கு யூடியூபின் ஆடியோ லைப்ரரியில் உள்ளவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். சில நொடி திரைப்பாட்டுக்கு உரிமைச் சிக்கல் வராது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது; அப்படியொரு நொடிக்கணக்கு சட்டத்தில் இல்லை, யூடியூபின் தானியங்கிச் சோதனை மிகச் சிறு துண்டையும் கண்டுபிடிக்கக்கூடும்.

வெளியீட்டுக் கோப்பை எம்பி4, எச்.264, 1080, நொடிக்கு 10 மெகாபிட், ஒலி ஏஏசி 48 கிலோஹெர்ட்ஸ் என்று எடுத்தால் 40 நிமிடத்திற்குச் சுமார் 3 ஜிபி வரும். பதிவேற்ற வேகம் 20 மெகாபிட் இருந்தால் அது ஏற 20 நிமிடம் ஆகும்.

வெளியிடுதல்

புதிய யூடியூப் கணக்கில் 15 நிமிடத்திற்கு மேற்பட்ட வீடியோ ஏறாது. தொலைபேசி எண்ணால் சரிபார்த்த பிறகே 12 மணி நேரம் வரையிலான வீடியோவும் சொந்தத் தம்ப்நெயிலும் (வீடியோவின் முகப்புப் படம்) அனுமதிக்கப்படும். வெளியிட நினைத்த நாளில் இதைக் கண்டுபிடிப்பதைவிட இன்றே முடித்துவிடுங்கள். தம்ப்நெயில் 1280 பெருக்கல் 720 அளவில், 2 எம்பிக்குள் இருப்பது பாதுகாப்பு. போன் திரையில் அது தபால்தலை அளவில்தான் தெரியும் என்பதால் நான்கு சொல்லுக்கு மேல் எழுத வேண்டாம். தலைப்புக்கு 100 குறிகள் வரம்பு. யூனிகோடில் 'கொ' என்ற ஓர் எழுத்தே இரண்டு குறிகளாக எண்ணப்படுவதால், தமிழில் அந்த வரம்பு எதிர்பார்ப்பதற்கு முன்பே தீர்ந்துவிடும். விளக்கக்குறிப்பில் 0:00 என்று தொடங்கி, குறைந்தது மூன்று நேரக்குறிப்புகளை ஏறுவரிசையில் எழுதினால், ஒவ்வொரு பகுதியும் 10 நொடிக்குக் குறையாதவரை, அவை அத்தியாயங்களாகத் தாமே பிரியும்.

வீடியோவைப் பதிவேற்றினால் மட்டும் அது பாட்காஸ்ட் ஆகிவிடாது. யூடியூப் ஸ்டுடியோவில் 'நியூ பாட்காஸ்ட்' என்பதைத் தேர்ந்து ஒரு பிளேலிஸ்டை உருவாக்கி, சதுர வடிவப் படம் ஒன்றைக் கொடுத்து, உங்கள் வீடியோக்களை அதில் சேர்க்க வேண்டும். மற்ற இடங்களுக்கு ஆர்எஸ்எஸ் ஓடை, அதாவது உங்கள் நிகழ்ச்சிகளின் விவரத்தைச் செயலிகளுக்குத் தரும் பட்டியல், தேவை. 2004இல் பாட்காஸ்ட் என்ற பெயர் பிறந்தபோதும், 2005 ஜூனில் ஆப்பிள் ஐட்யூன்ஸில் அதைச் சேர்த்தபோதும் இருந்த அதே ஏற்பாடுதான் இன்றும் தொடர்கிறது: நீங்கள் ஓர் இடத்தில் கோப்பை வைக்கிறீர்கள், ஓடையைப் படிக்கும் செயலிகள் எல்லாம் அதை எடுத்துக்கொள்கின்றன. முன்பு ஆங்கர் என்று அழைக்கப்பட்ட ஸ்பாட்டிஃபை ஃபார் கிரியேட்டர்ஸ் இதை இலவசமாகச் செய்துதருகிறது. அங்கே கிடைக்கும் ஓடை முகவரியை ஆப்பிளின் பாட்காஸ்ட்ஸ் கனெக்ட் தளத்தில் ஒருமுறை கொடுத்தால் போதும். அட்டைப்படம் 3000 பெருக்கல் 3000 புள்ளிகளில் சதுரமாக இருக்கட்டும். ஓடையில் உங்கள் மின்னஞ்சல் முகவரி எல்லோருக்கும் தெரியும்படி இடம்பெறக்கூடும் என்பதால், நிகழ்ச்சிக்கென்று தனி முகவரி வைத்துக்கொள்ளுங்கள்.

யூடியூபில் வெளியான வீடியோவின் சில பகுதிகளைப் பின்னர் வெட்டலாம். ஆனால் அதே முகவரியில் வேறு கோப்பை மாற்றிவைக்க முடியாது. எனவே முதலில் 'அன்லிஸ்டட்' (இணைப்பு வைத்திருப்பவர் மட்டும் பார்க்கக்கூடிய) நிலையில் ஏற்றி, உரிமைச் சோதனை முடிந்து உயர்தரப் பதிப்பு தயாரானபின், போனில் இயர்போன் இல்லாமல் ஒருமுறையும், இயர்போன் வைத்துத் திரையைப் பார்க்காமல் ஒருமுறையும் முழுதாகக் கேளுங்கள். விருந்தினருக்கும் அந்த இணைப்பைப் பகிர்ந்து, நீக்க விரும்பும் பகுதி ஏதேனும் உண்டா என்று எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் சம்மதம் வந்தபின் பொதுவில் திறக்கலாம். மூலப்பதிவுகளைக் கணினியிலிருந்து அழிக்கும் முன்பு, தனித்தனி மைக் டிராக்குகளையாவது வெளிவட்டு ஒன்றில் நகலெடுத்துவையுங்கள். 24 பிட் வேவ் கோப்பாக வைத்தாலும் ஒரு மணி நேரத்திற்கு ஒரு டிராக் சுமார் 520 எம்பிதான் பிடிக்கும்.